கடைசி எபிசோடு காட்டப்படாத ரோபோ



உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு வருடத்துக்கும் மேலாக வாராவாரம் ஒரு கார்ட்டூனைப் பார்த்து வருகிறது. கதை முடிய இன்னும் சில வாரங்களே பாக்கி. கதாநாயகர்கள் எதிரியின் ஊருக்கே போய்விட்டார்கள். அந்த நேரத்தில் நாட்டின் ஜனாதிபதி ஒரு உத்தரவு போட்டு அந்த கார்ட்டூனை நிறுத்திவிடுகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை டிவியைப் போட்டால் வேறு ஏதோ ஓடுகிறது.

1979 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்கு இதுதான் நடந்தது. உத்தரவு போட்டவர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ். நிறுத்தப்பட்ட கார்ட்டூன் 'வோல்டஸ் ஃபைவ்', ஜப்பானிலிருந்து வந்த ஒரு ராட்சத ரோபோ கதை. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் பொதுக்குழுவில் பிள்ளைகளின் டிவி நேரம், கைபேசி நேரம் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. அதனால் இந்தக் காலாண்டு வரலாற்றுப் பக்கத்துக்கு இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன். 1970களின் கடைசியில் ஜப்பானிய ரோபோக்கள் பல நாடுகளின் டிவிக்குள் நுழைந்தபோது பெரியவர்கள் என்ன பார்த்தார்கள், குழந்தைகள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

பொம்மையும் படமும்

முதலில் ஜப்பானில் இது எப்படி உருவானது என்று பார்த்துவிடுவோம்.

1963இல் ஜப்பானிய டிவியில் 'டெட்சுஜின் 28' என்ற ரோபோ வந்தது. அதை ஒரு சிறுவன் கையில் ரிமோட் வைத்துக்கொண்டு இயக்குவான். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ ரோபோ அவர் பேச்சைக் கேட்கும். 1972 டிசம்பரில் வந்த 'மாஜிங்கர் ஸெட்' இதை மாற்றியது. அதை உருவாக்கிய ஓவியர் கோ நாகாய் போக்குவரத்து நெரிசலில் மாட்டியிருந்தபோது, காருக்குக் கைகால் முளைத்து மற்ற வண்டிகளைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். அதிலிருந்து பிறந்தது, ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ரோபோ. பறக்கும் சிறு வண்டி ஒன்று வந்து ரோபோவின் தலையில் பொருந்தும், அதன் பிறகு அந்தப் பையனின் உடம்பே ரோபோ ஆனது போல இருக்கும். பார்க்கும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொடர்களுக்குப் பின்னால் பொம்மைக் கம்பெனிகளின் பணம் இருந்தது. 'பண்டாய்' நிறுவனத்தின் கிளையான 'போப்பி' 1974இல் மாஜிங்கரை உலோகப் பொம்மையாக வார்த்து விற்றது. கதைக்குள் அந்த ரோபோ செய்யப்பட்ட உலோகத்தின் பெயரான 'சோகோகின்' என்பதையே பொம்மை வரிசைக்கும் பெயராக வைத்தார்கள். அது அமோகமாக விற்றது. பிறகு ஒரு ரோபோ போதாது, பல வண்டிகள் சேர்ந்து ஒரு ரோபோ ஆகட்டும் என்று கதைகள் மாறின. ஐந்து வண்டி என்றால் ஐந்து பொம்மை அல்லவா?

செலவைக் குறைக்க வேறொரு வழியும் இருந்தது. திரையில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓட வேண்டும். ஜப்பானிய டிவிக்காரர்கள் ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, வினாடிக்கு 8 ஓவியங்களில் சமாளித்தார்கள். வண்டிகள் ஒன்றாகச் சேரும் காட்சியை ஒருமுறை நன்றாக வரைந்து வைத்துக்கொண்டு எல்லா வாரமும் அதையே போட்டார்கள். பெரியவர்களுக்கு அது 'போன வாரம் பார்த்ததுதானே' என்று தோன்றும். குழந்தைகளுக்கோ அந்த இடம்தான் உயிர். எந்த வண்டி எந்தக் கையாகும், எந்த வண்டி தலையாகும் என்று அவர்களுக்கு மனப்பாடம். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வருடமும் அதே தேர் அதே தெருவில் வந்தாலும் கூட்டம் குறைவதில்லை, அது மாதிரி.

ஜப்பானுக்குள்ளேயே செலவை ஓரளவு எடுத்துவிட்ட தொடர்கள் என்பதால் வெளிநாட்டுக்கு மலிவாகக் கொடுக்க முடிந்தது. ரோபோக்கள் மட்டுமல்ல, எல்லாவகை கார்ட்டூன்களும் இப்படிக் கப்பலேறின. 1990களில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை நம்மில் பலர் பார்த்த மௌக்லியின் 'ஜங்கிள் புக்' கூட ஜப்பானில் வரையப்பட்டதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணி

'வோல்டஸ் ஃபைவ்' ஜப்பானில் 1977 ஜூன் 4 முதல் 1978 மார்ச் 25 வரை மொத்தம் 40 எபிசோடுகள் ஓடியது. இயக்குநர் தாதாவோ நாகஹாமா. ரோபோ கதைக்குள் குடும்பக் கதையைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள்.

அது ஜப்பானில் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, 1978 மே 5ஆம் தேதி மனிலாவின் சேனல் 7இல், அதாவது ஜிஎம்ஏ தொலைக்காட்சியில், ஆங்கில டப்பிங்கோடு தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணி. வாரத்தின் மற்ற மாலைகளில் மாஜிங்கர், டைமோஸ், கிரெண்டைசர் என்று வேறு ரோபோக்கள் வந்தன. இருந்தாலும் வெள்ளிக்கிழமைதான் ராஜா.

கதை இதுதான். போவாசான் என்றொரு கிரகம். அங்கே தலையில் கொம்பு உள்ளவர்கள் பிரபுக்கள், கொம்பு இல்லாமல் பிறந்தவர்கள் அடிமைகள். அந்தப் பேரரசு பூமியைப் பிடிக்கப் படை அனுப்புகிறது. அதை எதிர்க்க ஸ்டீவ், பிக் பெர்ட், லிட்டில் ஜான் என்ற மூன்று சகோதரர்களும், மார்க், ஜேமி என்ற இரு நண்பர்களும் ஐந்து வண்டிகளில் ஏறுகிறார்கள். 'லெட்ஸ் வோல்ட் இன்' என்று கூவியதும் ஐந்தும் சேர்ந்து ஒரு ரோபோ ஆகின்றன. அது கடைசியில் வாளை எடுத்து எதிரி மிருகத்தை ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டும்.

இவ்வளவுதான் என்றால் இத்தனை வருடம் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது எபிசோடிலேயே அந்தச் சகோதரர்களின் தாய், பிள்ளைகளைக் காப்பாற்றத் தன் விமானத்தோடு எதிரி மிருகத்தின் மேல் மோதி இறந்துவிடுகிறாள். தந்தை காணாமல் போனவர். அவரைத் தேடுவதுதான் தொடர் முழுவதும் ஓடும் இழை. அவரே போவாசான் அரச குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், கொம்பில்லாமல் பிறந்த ஒரே காரணத்துக்காக உரிமை இழந்து அடிமையாக்கப்பட்டவர் என்பதும், தப்பிப் பூமிக்கு வந்தவர் என்பதும் மெல்ல மெல்லத் தெரியவரும். படை நடத்திவரும் எதிரி இளவரசன் யார் என்ற ரகசியத்தைக் கதை கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கும்.

வசனம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தொடக்கப் பாட்டை அப்படியே ஜப்பானிய மொழியில் விட்டுவிட்டார்கள். பாடியவர் மிட்சுகோ ஹோரியே. ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் பிலிப்பைன்ஸ் குழந்தைகள் அந்தப் பாட்டைக் காதில் கேட்டபடியே பாடினார்கள்.

அந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. 1942 முதல் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்த நாடு அது. 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த மனிலா சண்டையில் சுமார் 1 லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். அதை நேரில் கண்டவர்கள் 1978இல் தாத்தா பாட்டிகளாக அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பேரப்பிள்ளைகள் ஜப்பானிய மொழியில் பாடிக்கொண்டிருந்தார்கள். 1960இல் ஜப்பானோடு கையெழுத்தான நட்புறவு வணிக ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் பல ஆண்டுகள் ஏற்காமல் வைத்திருந்ததற்கும் இந்தக் காயம் ஒரு காரணம். 1972இல் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்து நாடாளுமன்றத்தைப் பூட்டிய மார்கோஸ், 1973 கடைசியில் தானே அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஜப்பானியப் பொருள்களுக்குக் கதவைத் திறந்தவரும் அவர், பிறகு ஜப்பானிய ரோபோவைத் துரத்தியவரும் அவர்.

தடை

பெற்றோர் சிலர் குறை சொன்னது உண்மை. சண்டை அதிகம், வாரம் முழுக்க ரோபோ, பிள்ளைகள் வேறு எதையும் பேசுவதில்லை என்பதெல்லாம் நமக்கும் பழக்கமான புகார்தான். 1979 ஆகஸ்டில் வந்த உத்தரவிலும் வன்முறையும் போர் மனப்பான்மையும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. வோல்டஸ் மட்டுமல்ல, அதுபோன்ற மற்ற ரோபோ தொடர்களும் சேர்ந்தே போயின.

வேறு காரணங்களையும் அப்போதிருந்து இன்றுவரை மக்கள் பேசிவருகிறார்கள். மார்கோஸுக்கு வேண்டியவர்கள் கையில் இருந்த மற்ற சேனல்கள், சேனல் 7இன் வெற்றியைப் பொறுக்காமல் தூண்டிவிட்டன என்பது ஒரு பேச்சு. கதையின் கடைசிக் கட்டத்தில் அடிமைகள் திரண்டு பேரரசனைக் கவிழ்ப்பது ஒரு சர்வாதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு பேச்சு. இரண்டாவதுதான் அந்தத் தலைமுறைக்கு மிகவும் பிடித்த விளக்கம். எது உண்மையாக இருந்தாலும், உத்தரவு வந்த நேரம் இந்தப் பேச்சுக்கு வலுச்சேர்த்துவிட்டது. பெரும்பாலோர் சொல்லும் கணக்குப்படி, காட்டப்படாமல் போனவை கடைசி நான்கு எபிசோடுகள். அடிமைகள் எழுவது அவற்றில்தான் வருகிறது.

இதில் குழந்தைகளின் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். ராணுவச் சட்டம் நடக்கும் நாடு. பத்திரிகைகள் மூடப்பட்டிருக்கின்றன, எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையில் இருக்கிறார்கள். பெரியவர்கள் இதைப் பற்றி வீட்டில் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள், பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு அரசாங்கம் என்ற ஒன்று இருக்கிறது, அது நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போகும், காரணம் கேட்க முடியாது என்பது முதன்முதலாகப் புரிந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். அந்தத் தலைமுறைக்காரர்கள் பலர் பின்னாளில் இதைத்தான் தங்கள் முதல் அரசியல் நினைவாகச் சொல்கிறார்கள்.

இத்தாலியின் உள்ளூர் சேனல்கள்

பிலிப்பைன்ஸில் வோல்டஸ் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 1978 ஏப்ரல் 4ஆம் தேதி, இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராய் இரண்டாவது சேனலில் இன்னொரு ரோபோ இறங்கியது. ஜப்பானில் அதன் பெயர் கிரெண்டைசர். பிரெஞ்சுக்காரர்கள் கோல்டோராக் என்றார்கள். இத்தாலியர்கள் கோல்ட்ரேக் என்று வைத்துக்கொண்டார்கள். தொடருக்கு 'அட்லஸ் யூஃபோ ரோபோ' என்ற தலைப்பும் கிடைத்தது. பிரெஞ்சிலிருந்து வந்த விளக்கக் கையேட்டின் மேலிருந்த 'அட்லஸ்' என்ற சொல்லை ரோபோ பெயரின் ஒரு பகுதி என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்கள் என்று அந்த ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ராய் தொடங்கிவைத்ததைப் பரப்பியவை உள்ளூர் சேனல்கள். 1976 ஜூலையில் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதும் ஒளிபரப்புவது அரசின் ஏகபோகமாகவே இருக்கட்டும், ஆனால் ஓர் ஊர், ஒரு வட்டாரம் அளவில் தனியார் சேனல் நடத்தலாம் என்றது தீர்ப்பு. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான குட்டிச் சேனல்கள் முளைத்தன. நம் ஊரில் ஒரு காலத்தில் கேபிள்காரர்கள் நடத்திய உள்ளூர் சேனல்களை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒளிபரப்பக் கருவி இருந்தது, நேரம் இருந்தது. சொந்தமாக நிகழ்ச்சி எடுக்கப் பணம் இல்லை. கைக்கு எட்டிய விலையில், கட்டுக்கட்டாக எபிசோடுகளோடு கிடைத்தவை ஜப்பானிய கார்ட்டூன்கள்.

அதனால் ஒரே ரோபோ மிலானில் ஒரு நேரம், நேப்பிள்ஸில் வேறு நேரம், சில ஊர்களில் இரண்டு சேனல்களில் ஒன்றாக என்று ஓடியது. முதலில் எடுக்கப்பட்டது பின்னால் வந்தது, பின்னால் எடுக்கப்பட்டது முன்னால் வந்தது. கோல்ட்ரேக் கதையில் ஆல்கோர் என்ற பெயரில் வரும் நண்பன்தான் மாஜிங்கரின் கதாநாயகன். மாஜிங்கர் 1972இல் எடுக்கப்பட்டது, இத்தாலியில் 1980இல்தான் வந்தது. அதே முகம், வேறு பெயர். குழந்தைகள் தங்களுக்குள் விவாதித்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். விளக்கம் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாது.

இங்கேயும் எதிர்ப்பு வந்தது. ராய் நிறுவனத்தைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவில் இருந்த சில்வெரியோ கொர்விசியெரி என்ற உறுப்பினர், 1979 ஜனவரியில் 'லா ரெபுப்ளிகா' நாளிதழில் கோல்ட்ரேக்கைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் ஒரு மாவீரன் பார்த்துக்கொள்வான் என்று குழந்தைகளைப் பழக்குகிறது, அழிப்பதைக் கொண்டாடுகிறது, இயந்திரத்தைக் கும்பிட வைக்கிறது என்பவை அவர் வாதங்கள். 1980இல் இமோலா நகரத்துப் பெற்றோர் 600 பேர் சேர்ந்து ஜப்பானிய ரோபோக்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள்.

ஆனால் இத்தாலியில் சட்டமும் பத்திரிகையும் வேலை செய்துகொண்டிருந்தன. அதனால் மறுபக்கமும் பேசப்பட்டது. குழந்தை இலக்கியத்துக்கான உலகின் பெரிய விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1970இல் பெற்ற ஜான்னி ரோதாரி, கோல்ட்ரேக்கின் பக்கம் நின்று 'ரினாஷிதா' வார இதழில் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இது: கோல்ட்ரேக்கைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவனைப் பற்றிக் குழந்தைகளைப் பேசவையுங்கள். அவர்களுக்கு அவன் இந்தக் காலத்து ஹெர்குலிஸ். பழைய வீரக் கதைகள் செய்த வேலையைத்தான் அவன் செய்கிறான்.

கொர்விசியெரியின் கவலையை அலட்சியமாகத் தள்ள முடியாது, நானும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோர்தான். ஆனால் கோல்ட்ரேக் கதையை எடுத்துப் பாருங்கள். அதை ஓட்டுபவன் சொந்தக் கிரகத்தைப் படையெடுப்பில் இழந்த இளவரசன். பூமிக்குத் தப்பி வந்து, ஒரு விஞ்ஞானியின் வளர்ப்பு மகனாக, ஒரு பண்ணையில் வேலை செய்துகொண்டு வாழ்கிறான். யார் என்று வெளியே சொல்ல முடியாது. சண்டை போட அவனுக்கு விருப்பமே இல்லை. இரண்டாவது ஊரையும் இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ரோபோவில் ஏறுகிறான். இத்தனையும் குழந்தைகளுக்குத் தெரியும். அடிகளையும் வெடிகளையும் எண்ணியவர்கள் இந்தப் பகுதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெய்ரூட்டில் பேசிய ரோபோ

நாடிழந்த அந்த இளவரசனின் கதை இத்தாலியைவிட ஆழமாகப் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று உண்டு. 1980ஐ ஒட்டி அதே கிரெண்டைசர் லெபனானில் அரபு மொழிக்கு டப்பிங் செய்யப்பட்டது. லெபனானில் 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1990 வரை நீடித்தது. அந்தப் போருக்கு நடுவில்தான் இந்த வேலை நடந்தது. கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஜிஹாத் அல்-அத்ராஷ், அரபுத் தொடக்கப் பாட்டைப் பாடியவர் சாமி கிளார்க்.

நமக்கு எளிதில் புரியக்கூடிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அரபு மொழியில் எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு நாட்டுக்கு நாடு வேறு. நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் போல, ஆனால் இடைவெளி இன்னும் அதிகம். ஓர் ஊர்ப் பேச்சில் டப்பிங் செய்தால் மற்ற ஊரில் எடுபடாது என்பதால் எழுத்து வழக்கிலேயே வசனத்தை அமைத்தார்கள். அதனால் அது பல அரபு நாடுகளில் ஓடியது. பள்ளிப் பாடத்தில் வேப்பங்காயாக இருந்த மொழியை, ரோபோ பேசியதால் குழந்தைகள் விரும்பிக் கேட்டார்கள். வீடுவாசலை விட்டு ஓடிவந்தவர்கள் நிறைந்த அந்த வட்டாரத்தில், நாடு இழந்த இளவரசன் வெறும் கார்ட்டூன் பாத்திரமாக மட்டும் இருந்திருக்க முடியாது. தொடரின் முடிவில் அவன் தன் தங்கையோடு சொந்தக் கிரகத்துக்குத் திரும்பிப் போகிறான், பாழான மண்ணை மறுபடி கட்டி எழுப்ப.

இன்று சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் கிரெண்டைசருக்கு 33.7 மீட்டர் உயரத்தில் உலோகச் சிலை நிற்கிறது. நம் கட்டடங்களோடு ஒப்பிட்டால் பத்து மாடிக்கு மேல்.

ஏழு வருடம் கழித்து வந்த முடிவு

மீண்டும் மனிலாவுக்குப் போவோம். 1986 பிப்ரவரி 22 முதல் 25 வரை நான்கு நாள்கள் எட்சா சாலையில் லட்சக்கணக்கான மக்கள் இறங்கி நின்றார்கள். 25ஆம் தேதி இரவு மார்கோஸ் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனார். 1979இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பதினேழு. அந்தக் கூட்டத்தில் அந்த வயதுக்காரர்களும் இருந்தார்கள்.

அதே வருடம் வோல்டஸ் ஃபைவ் டிவிக்குத் திரும்பியது. காணாமல் போன முடிவு ஏழு வருடம் கழித்துக் கிடைத்தது. எதிரி இளவரசன் வேறு யாருமில்லை, அந்தச் சகோதரர்களின் அண்ணன்தான், ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்தவன் என்று தெரியவருகிறது. அடிமைகள் எழுகிறார்கள், பேரரசு விழுகிறது. 1999இல் தொடர் பிலிப்பினோ மொழி டப்பிங்கோடு மறுபடி ஓடியது. அதே வருடம் கடைசி எபிசோடுகளைச் சேர்த்து 'வோல்டஸ் ஃபைவ்: விடுதலை' என்ற பொருள்படும் தலைப்பில் திரையரங்குகளிலும் வெளியிட்டார்கள். டிவியில் பார்த்த பழைய கார்ட்டூனின் முடிவுக்காக மக்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

2023 மே 8ஆம் தேதி, அதே ஜிஎம்ஏ சேனலில், பிலிப்பைன்ஸ் நடிகர்களே நடித்த 'வோல்டஸ் ஃபைவ்: லெகசி' தொடங்கியது. 90 எபிசோடுகள். இயக்கிய மார்க் ரெய்ஸ், சிறுவயதில் அந்த ரோபோவைப் பார்த்து வளர்ந்தவர். வசனம் எல்லாம் பிலிப்பினோவில் இருந்தும் தொடக்கப் பாட்டை மட்டும் மாற்றவில்லை. அந்த நாட்டுப் பாடகி ஜூலி ஆன் சான் ஹோசே அதை ஜப்பானிய மொழியிலேயே பாடினார். மொழிபெயர்த்திருந்தால் அந்த நாட்டுக்காரர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். 2024இல் அந்தப் படைப்பு ஜப்பானியத் திரையரங்குகளுக்கும் போனது. சொந்த ஊரில் சாதாரண வெற்றியாக வந்துபோன ஒரு ரோபோவை, வேறொரு நாட்டுக்காரர்கள் நாற்பத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

இத்தாலியிலும் இப்படித்தான். உள்ளூர் சேனல்களில் ஓடிய 'ஜீக்' என்ற ரோபோவின் பெயரைத் தலைப்பில் வைத்து, 1976இல் பிறந்த கேப்ரியேலே மைனெட்டி 2015இல் ஒரு படம் எடுத்தார். ரோம் நகரப் புறநகரில் வாழும் ஒரு சில்லறைத் திருடனைப் பற்றிய கதை அது. நம் தேசிய விருது போன்ற இத்தாலியின் 'டேவிட் டி டொனாடெல்லோ' விருதுகள் ஏழு அதற்குக் கிடைத்தன. ஜீக்கின் இத்தாலியப் பாட்டைப் பாடியவர் யார் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிற்காலத்தில் புகழ்பெற்ற ராக் பாடகர் பியரோ பெலூதான் இளம்வயதில் அதைப் பாடினார் என்று ஒரு தலைமுறையே சத்தியம் செய்தது. உண்மையில் பாடியவர் ரொபெர்த்தோ ஃபோகு.

நமக்கு இதில் என்ன?

ஜப்பானிய ரோபோக்கள் எல்லாம் மகா காவியம் என்று நான் சொல்ல வரவில்லை. பொம்மை விற்க எடுக்கப்பட்டவை, அவசரத்தில் வரையப்பட்டவை, சண்டை நிறைந்தவை. புகார் சொன்ன பெற்றோர் கெட்டவர்களும் இல்லை. ஆனால் மூன்று நாட்டிலும் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. பெரியவர்கள் கூடத்தைக் கடந்து போகும்போது ஐந்து நிமிடம் பார்த்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வெடிச்சத்தம் மட்டும் இருந்தது. பிள்ளைகள் முழுவதும் பார்த்தார்கள். தாயை இழந்த சகோதரர்களையும், கொம்பில்லாததால் அடிமையானவரையும், ஊர் திரும்ப ஏங்கும் இளவரசனையும் அவர்கள் பார்த்தார்கள். ஐம்பது வயதில் அவர்கள் நினைவில் மிஞ்சி நிற்பது இவைதான்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் பார்ப்பதை நாம் ஐந்து நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. காதுக்குள் ஹெட்போன் இருப்பதால் வெடிச்சத்தம்கூட நமக்குக் கேட்பதில்லை. நேரக் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் 'அணை அதை' என்று சொல்வதற்கு முன் ஒரு எபிசோடை முழுதாகக் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் கதை கேட்டுப் பாருங்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். முடிந்தால் கதை முடிந்த பிறகு நிறுத்துங்கள். முடிவு தெரியாமல் நிறுத்தப்பட்ட கதையைக் குழந்தைகள் மறப்பதில்லை, மார்கோஸ் கணக்கில் தவறியது அங்கேதான்.

அடுத்த இதழுக்காக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் பல ஊர்களில், பல மாநிலங்களில் வளர்ந்தவர்கள் இருக்கிறோம். சிறுவயதில் நீங்கள் விடாமல் பார்த்து, பாதியில் நின்றுபோன நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா? கரண்ட் போனதா, பரீட்சை வந்ததா, சேனலே நிறுத்திவிட்டதா, அப்பா டிவியைப் பூட்டி வைத்தாரா? அரைப் பக்கம் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகள் இப்போது என்ன பார்க்கிறார்கள் என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலும் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.